ஒரே போல்ட், இரண்டு கைகள்

சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில், பழுதானால் கழற்றி மாற்றும்படி செய்யப்பட்ட பெட்டிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது அறுகோணத் தலை கொண்ட போல்ட். தலையின் குறுக்களவு 7/16 அங்குலம், அதாவது 11.1 மில்லிமீட்டர். விண்நடை செய்பவர் கையில் வைத்திருக்கும் பிஸ்டல் கிரிப் என்ற பேட்டரித் திருகியின் முனை அந்த அளவுதான். வெளியே வேலை பார்க்கும் டெக்ஸ்டர் என்ற ரோபோவின் கைக்குள்ளிருந்து நீளும் திருகியின் முனையும் அதே அளவு. விண்வெளியில் மனிதரும் ரோபோவும் சேர்ந்து வேலை செய்வது என்றதும் பேச்சு செயற்கை நுண்ணறிவுக்கும் மனித உருவ ரோபோக்களுக்கும் போய்விடுகிறது. உண்மையில் அங்கே கால் நூற்றாண்டாக நடந்துவரும் கூட்டுவேலை, இரண்டு பேரும் ஒரே போல்ட்டைத் திருக முடியும் என்ற ஏற்பாட்டில் நிற்கிறது. அந்த ஏற்பாடு இருக்கும் இடத்தில் வேலை நடக்கிறது. இல்லாத இடத்தில் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்கும் நல்ல உதாரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெரிய கை. கனடா செய்துகொடுத்த கனடார்ம்2, 2001 ஏப்ரலில் எண்டெவர் விண்ணோடத்தில் மேலே போனது. நீளம் 17 மீட்டருக்குச் சற்று அதிகம். ஏழு மூட்டுகள்: தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் மூன்று. தோள், மணிக்கட்டு என்பதெல்லாம் பேச்சு வசதிக்குத்தான். இரண்டு முனைகளும் ஒரே மாதிரி. ஒன்று நிலையத்தைப் பிடித்திருக்க, மற்றது வேலை செய்யும். இடம் மாற வேண்டுமானால், வேலை செய்த முனை அடுத்த பிடிமானத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த வழியாக மின்சாரமும் கட்டளையும் வருவது உறுதியான பிறகே பழைய முனை பிடியை விடும். இப்படிக் கரணம் போட்டபடி நிலையத்தின் முதுகில் ஊர்ந்து போகும். எங்கெல்லாம் அப்படிப்பட்ட பிடிமானம் பொருத்தப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம்தான் அதற்குக் கால் வைக்க இடம். ஆகவே கை எங்கே எட்டும் என்பது பெரும்பாலும் நிலையத்தைக் கட்டியபோதே தீர்மானமாகிவிட்டது.

காகிதத்தில் இந்தக் கை 116 டன் வரை நகர்த்தும். ஆனால் தரையில் நிறுத்தினால் தன் எடையையே தாங்காது. மேலே எடை இல்லை, நிறை இருக்கிறது. அங்குதான் சிக்கல். நகரத் தொடங்கிய பெரிய பொருளை நிறுத்துவதற்கும் அதே அளவு முயற்சி வேண்டும். முழுச் சுமையோடு இருக்கும்போது பிரேக் போட்ட பிறகும் கை அரை மீட்டருக்கு மேல் போய்த்தான் நிற்கும் என்ற கணக்கில் வடிவமைத்திருக்கிறார்கள். அதனால்தான் வேகத்துக்குக் கடுமையான வரம்புகள். கையில் ஒன்றுமில்லாதபோது நொடிக்கு 37 சென்டிமீட்டர். விண்நடையாளரைச் சுமக்கும்போது 15. நிலையத்தின் பெரிய பாகங்களைத் தூக்கிப் பொருத்தும்போது 2. ஏதாவது ஒரு மூட்டு கட்டளையை மீறி ஓடத் தொடங்கினால், கணினி கண்டுபிடித்துப் பிரேக் போடுவதற்குள் முனை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்பதுதான் இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள கேள்வி. பக்கத்தில் சுவர் இருந்தால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

முனையில் இருக்கும் பிடிக்கும் பொறி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதில் விரல்களே இல்லை. ஒரு உருளை, அதன் வாயில் மூன்று கம்பி வடங்கள். பிடிக்கப்பட வேண்டிய பொருளில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். உருளை அந்தத் தண்டின் மேல் கவிந்ததும், உள்ளே ஒரு வளையம் சுழன்று மூன்று வடங்களும் தண்டைச் சுற்றி இறுகும். தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிக்கும் சிறுவர்களின் உத்திதான். சுருக்கு மட்டும் மூன்று. தண்டு உருளையின் நட்டநடுவில் இல்லாவிட்டாலும் வடங்கள் அதை நடுவுக்கு இழுத்துவரும் என்பதுதான் இதன் அருமை. மனிதக் கை ஓட்டும்போது சில சென்டிமீட்டர் பிசகு இருக்கத்தான் செய்யும். அந்தப் பிசகைப் பொறி மன்னிக்கிறது. வடங்கள் இறுகியதும் அந்தத் தொகுதி முழுவதும் உள்பக்கமாக இழுக்கப்பட்டு, பொருளும் கையும் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் தேவைப்படும் பிடிமானமாக இருந்தால், அதற்கு மேல் தாழ்கள் விழுந்து இணைப்பான்கள் பொருந்தும்.

இந்தப் பொறிதான் அதிகம் தேய்வதும். உள்ளே மோட்டார் திருப்பும் நீண்ட திருகுதண்டுகள் இருக்கின்றன. விண்வெளி வெற்றிடத்தில், வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறி, ஆண்டுக்கணக்கில் பிடித்துவிட்டுப் பிடித்துவிட்டு அவற்றின் மசகு போய்விடுகிறது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடிக்கொண்டே வருவதைத் தரையில் இருப்பவர்கள் எண்களில் பார்ப்பார்கள். 2015 பிப்ரவரியில் டெர்ரி வர்ட்ஸ் விண்நடை போய், நீண்ட மூக்குள்ள கிரீஸ் துப்பாக்கியை அந்த உருளைக்குள் விட்டு மசகு பூசிவந்தார். 2017-ல் ஒரு முனையின் தாழ் மோட்டார் நடுவழியில் நின்றுபோனது. அக்டோபர் 5 அன்று ரேண்டி பிரெஸ்னிக்கும் மார்க் வாண்டே ஹையும் அந்த முனையைக் கழற்றி, வெளியே இருப்பு வைத்திருந்த புதியதை மாட்டினார்கள். 2018 ஜனவரியில் அடுத்த முனைக்கும் அதே வைத்தியம். அதற்கு வெகுமுன்பே, 2002-ல், மணிக்கட்டு மூட்டு ஒன்றை முழுவதுமாக மாற்றியிருந்தார்கள். விண்ணோடத்தில் இருந்த முதல் கனடார்ம் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தரைக்கு வந்து சோதனைக்குப் போகும். இந்தக் கைக்கு அந்த வசதி இல்லை. அதனால் பாகம் பாகமாகக் கழற்றும்படி, உறை அணிந்த மனிதக் கைக்கு எட்டும்படி போல்ட்டுகளை வைத்துக் கட்டினார்கள். ரோபோவை மனிதர் பழுதுபார்க்கிறார்; அவரைத் தூக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் அதே ரோபோ.

சரி, யார் ஓட்டுகிறார்கள்? நிலையத்துக்குள் இரண்டு கட்டுப்பாட்டு மேசைகள் உண்டு. ஒன்று டெஸ்டினி ஆய்வுக்கூடத்தில், மற்றது 2010-ல் வந்த குபோலா என்ற ஏழு சன்னல் மாடத்தில். ஒவ்வொன்றிலும் மூன்று திரைகள், இரண்டு பிடிகள். இடது பிடி நகர்த்தும்: முன்னே பின்னே, மேலே கீழே, பக்கவாட்டில். வலது பிடி திருப்பும். வலது பிடியில் ஒரு விசை இருக்கிறது. அதை அழுத்தினால் சுருக்கு இறுகும். நுண்வேகம், முழுவேகம் என்று மாற்றிக்கொள்ளும் பொத்தானும் உண்டு.

பிடியை ‘முன்னே’ தள்ளினால் கை எந்தப் பக்கம் போகும் என்பது முதல் பாடம். அது எந்தச் சட்டகத்தை வைத்துக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. முனையின் கேமரா பார்க்கும் திசையை ‘முன்’ என்று வைக்கலாம். நிலையத்தின் பயணத் திசையை வைக்கலாம். கையில் நிற்கும் வீரரின் நெஞ்சு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதையும் வைக்கலாம். சட்டகத்தை மாற்ற மறந்துவிட்டு ஓட்டினால், நினைத்த திசைக்கு நேர் எதிரே போகும். அங்கே இரண்டு பேர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதலாமவர் ஓட்டுவார், இரண்டாமவர் மூட்டுக் கோணங்கள், கேமரா காட்சிகள், இடைவெளிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிடியை லேசாக அசைத்துப் பார்த்து, எதிர்பார்த்த பக்கம்தான் போகிறது என்று உறுதியான பிறகே முழு அசைவு.

இரண்டாவது பாடம் மூட்டுகள் ஒரே கோட்டில் வந்துவிடும் நிலை. முழங்கை முழுவதும் நீண்டுவிட்டால், முனையைச் சில திசைகளில் கொஞ்சம் நகர்த்தவே ஒரு மூட்டு மிக வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். கணினி அதை அனுமதிக்காது, கை நின்றுவிடும். ஏழாவது மூட்டு இருப்பதால் முனையை அசைக்காமலே முழங்கையை மட்டும் வேறு பக்கம் சாய்த்து இந்த இக்கட்டிலிருந்து வெளியே வரலாம். ஆனால் அந்த முழங்கை எங்கே போய் இடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். முனையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர் முழங்கையை மறந்துவிடுவது எளிது. முழங்கையின் இருபுறமும் கேமரா வைத்திருப்பது அதற்காகத்தான்.

ஆனால் இன்றைக்கு இந்தக் கையைப் பெரும்பாலான நேரம் ஓட்டுபவர்கள் மேலே இல்லை. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் ‘ரோபோ’ என்றே அழைக்கப்படும் மேசையிலிருந்தும், கியூபெக்கின் செயின்ட்-ஹ்யூபர்ட்டில் இருக்கும் கனடா விண்வெளி நிறுவனத்திலிருந்தும் ஓட்டுகிறார்கள். தரையில் ஜாய்ஸ்டிக் கிடையாது. தொடர்பு செயற்கைக்கோள்கள் வழியாகச் சுற்றிப் போகும் சமிக்ஞையின் தாமதத்தோடு பிடியை அசைத்து ஓட்டுவது ஆபத்து. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு அசைவையும் ‘இந்த மூட்டு இத்தனை டிகிரி’, ‘முனை இந்தப் புள்ளிக்கு’ என்று முன்கூட்டியே எழுதி, பாவனைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார்கள். ஓர் அசைவு முடிந்ததும் படத்தையும் கோணங்களையும் சரிபார்த்து அடுத்ததற்கு அனுமதி. செயற்கைக்கோள் தொடர்பு அறுந்துபோகும் இடைவெளிகளுக்கு ஏற்ப அசைவுகளை நறுக்குவதும் வேலையின் பகுதி. மெதுவாகத்தான் நடக்கும். மேலே இருப்பவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் நடக்கும் என்பதால் மெதுவாக நடப்பது பெரிய குறையாகத் தெரிவதில்லை.

அப்படியானால் மேலே இருப்பவர் எப்போது பிடியைத் தொட வேண்டும்? தாமதத்தைப் பொறுக்க முடியாத வேலைகளுக்கு. அவற்றில் முதன்மையானது, பறந்துவரும் சரக்குக் கலத்தைப் பிடிப்பது. 2009 செப்டம்பர் 17 அன்று ஜப்பானின் முதல் எச்டிவி கலத்தை நிக்கோல் ஸ்டாட் இப்படிப் பிடித்ததுதான் தொடக்கம். கலம் கீழிருந்து படிப்படியாக ஏறி, ஒவ்வொரு நிறுத்தப் புள்ளியிலும் அனுமதி வாங்கி, நிலையத்துக்குச் சுமார் 10 மீட்டர் கீழே வந்து நிற்கும். நிற்கும் என்றால், தன் உந்துபொறிகளைச் சிறிதுசிறிதாக எரித்து அந்த இடைவெளியைக் காத்துக்கொண்டிருக்கும். பிடிக்கும் தருணத்தில் அந்த உந்துபொறிகளை அணைத்துவிட வேண்டும். கை தொட்டுக்கொண்டிருக்கும்போது கலம் தன்னிச்சையாக உந்தினால் கை முறியும். நிலையமும் தன் உந்துபொறிகளை அடக்கிவைக்கும். இப்போது இரண்டும் மிதக்கின்றன. நேரம் போகப்போக ஒன்றையொன்று விட்டு விலகும். அந்தச் சிறு இடைவெளிக்குள் ஓட்டுபவர் முனையைத் தண்டின் மேல் கொண்டுபோக வேண்டும்.

அவருக்கு வழிகாட்டி, கலத்தில் தண்டுக்கு அருகே ஒட்டப்பட்டிருக்கும் ஒரு குறித்தட்டு. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள். நடுவில் ஒரு சிறு கம்பி நிமிர்ந்து நிற்கும். முனைக் கேமராவில் கம்பியின் நுனி கோடுகளின் நடுவில் தெரிந்தால் கோணம் சரி. நுனி ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தால், அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இடம் பிசகியிருக்கிறதா கோணம் பிசகியிருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும்; ஒன்றுக்கு இடது கை, மற்றதற்கு வலது கை. குழப்பிக்கொண்டால் திருத்தத் திருத்தப் பிழை வளரும். கலம் மெல்லச் சுழன்றால் அதைத் துரத்தாமல், சுழற்சியின் வேகத்தோடு கையையும் ஒத்துப்போகச் செய்ய வேண்டும். விசையை அழுத்தியதும் சில நொடிகளில் வடங்கள் இறுகிவிடும். தவறினால் நேராகப் பின்வாங்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் உருளையின் விளிம்பு தண்டில் தட்டிக் கலத்தைத் தள்ளிவிடும்.

2012 மே 25 அன்று முதல் டிராகன் கலம் வந்தபோது கோளாறு வேறு இடத்தில் வந்தது. கலத்தின் லேசர் தூரமானி, ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்திலிருந்து எதிரொளித்த கதிரையும் சேர்த்துப் படித்துக் குழம்பியது. கலம் பின்வாங்கியது, தரையில் இருந்தவர்கள் தூரமானியின் பார்வைக் கோணத்தைக் குறுக்கி மறுபடி அனுப்பினார்கள், டான் பெட்டிட் பிடித்தார். பிடிப்பது மனிதர் வேலை என்றாலும், பிடித்த பிறகு கலத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துவதைப் பெரும்பாலும் தரை எடுத்துக்கொள்கிறது. வாசலில் நான்கு தாழ்கள் முதலில் இழுக்கும், பிறகு 16 போல்ட்டுகள் மோட்டாரால் இறுகும். இன்றைய டிராகன்கள் யாருடைய கையும் படாமல் தாமாக வந்து இணைகின்றன. அப்படியென்றால் கையால் பிடிப்பது பழைய முறையா? அப்படிச் சொல்ல முடியாது. தாமாக இணையும் வாசல் சுமார் 80 சென்டிமீட்டர் அகலம்; கையால் பொருத்தும் வாசல் ஒன்றேகால் மீட்டருக்கு மேல். பெரிய சாமான் உள்ளே போக வேண்டுமானால் பெரிய வாசல்தான். சிக்னஸ் என்ற சரக்குக் கலத்தைக் கையால்தான் பிடிக்கிறார்கள்.

தாமதத்தைப் பொறுக்காத இரண்டாவது வேலை, வீரரைச் சுமப்பது. முனையில் ஒரு கால்பிடித் தட்டு மாட்டப்படும். வீரர் குதிகாலைத் திருப்பிப் பூட்டிக்கொண்டு நிற்பார், இடுப்புக் கயிறு தனியாக. அவரே திசை சொல்வார், உள்ளே இருப்பவர் ஓட்டுவார். சொல்லும் முறைக்கும் இலக்கணம் உண்டு. ‘அந்தப் பக்கம்’, ‘கொஞ்சம் மேலே’ செல்லாது. மேல் என்பது அங்கே கிடையாது. தன் உடலை வைத்துத்தான் சொல்ல வேண்டும்: தலைப்பக்கம் இவ்வளவு, கால்பக்கம் இவ்வளவு, நெஞ்சுப்பக்கம், முதுகுப்பக்கம். தூரத்தையும் சொல்ல வேண்டும். நகர்ந்துகொண்டிருக்கும்போது மீதித் தூரத்தைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஓட்டுபவர் பிரேக் போட்டதைச் சொன்ன பிறகே வீரர் திருகியை எடுப்பார். அப்போதும் உடனே வேலை தொடங்க முடியாது: 17 மீட்டர் கை நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கும், அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது எதிர்விசையில் மறுபடி ஆடும்.

இந்த ஏற்பாட்டின் எல்லையைத் தொட்டது 2007 நவம்பர் 3. சில நாட்களுக்கு முன் சூரியத் தகட்டு விரிப்பு ஒன்றை விரித்தபோது வழிகாட்டிக் கம்பி சிக்கி, விரிப்பு ஏறக்குறைய முக்கால் மீட்டருக்குக் கிழிந்துபோனது. பாதி விரிந்த நிலையில் விட்டால் அதை நம்பி நிலையத்தை வளர்க்க முடியாது. கிழிசல் கனடார்ம்2-வுக்கு எட்டாத தூரம். விண்ணோடத்தின் வெப்பக் கவசத்தைச் சோதிக்க வைத்திருந்த 15 மீட்டர் உணரித் தடியைக் கையின் முனையில் பிடிக்கவைத்து, அந்தத் தடியின் நுனியில் ஸ்காட் பராசின்ஸ்கியை நிறுத்தினார்கள். ஓட்டியவர்கள் ஸ்டெபனி வில்சனும் டான் டானியும். விரிப்பின் அடியில் நின்று டக் வீலாக் கண்ணாக இருந்தார். அவசரம் என்றால் அரை மணிக்குள் காற்றறைக்கு, அதாவது வெளியே போய்வரும் வாசல் அறைக்கு, திரும்பும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். பராசின்ஸ்கி நின்ற இடத்திலிருந்து திரும்ப முக்கால் மணி ஆகும். விரிப்பை அணைக்க வழியில்லை, வெயில் படும்வரை மின்சாரம் உண்டு, 100 வோல்ட்டுக்கு மேல். அதனால் கருவிகளையும் உடையின் உலோகப் பகுதிகளையும் காப்டான் என்ற மின்காப்பு நாடாவால் சுற்றினார்கள். நாடா சுற்றிய வளைந்த கோல் ஒன்றை, விரிப்பு ஆடிவந்தால் தள்ளிவிட, கையில் கொடுத்தார்கள். கிழிசலின் இரு பக்கத்தையும் இணைக்கக் கம்பியும் அலுமினியத் துண்டும் கொண்டு உள்ளேயே செய்த ஐந்து பிணைப்புகளை மாட்டி, சிக்கிய கம்பியை வெட்டினார். விரிப்பு முழுதாக விரிந்தது. 7 மணி 19 நிமிட வேலை. தடியின் நுனியில் ஒரு ரோபோ விரல் இருந்திருந்தால் இதைச் செய்திருக்குமா? அன்றைக்கு நிச்சயம் இல்லை. சிக்கிய கம்பியை எங்கே வெட்டுவது என்பதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஆளை அனுப்ப முடியாது என்பதற்குக் காரணங்கள் வலுவானவை. உடைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதற்கு உடலைப் பழக்க, முன்பே தூய ஆக்சிஜன் சுவாசித்து இரத்தத்திலிருந்து நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். உப்பிய கையுறையில் விரலை மடக்குவதே ஒவ்வொரு தடவையும் உழைப்பு. ஆறரை மணி நேரம் என்பது வழக்கமான திட்டம். 2013 ஜூலையில் லூகா பர்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் குளிர்விப்பு நீர் கசிந்து, மூக்கையும் கண்ணையும் மூடியது. தட்டுத்தடுமாறிக் காற்றறைக்குத் திரும்பினார். அந்த ஆண்டிலிருந்து ‘இதற்கு ஆள் போகத்தான் வேண்டுமா’ என்ற கேள்விக்குக் கனம் கூடியது.

அந்தக் கேள்விக்கு முன்பே மேலே போயிருந்த விடைதான் டெக்ஸ்டர். 2008 மார்ச்சில் போனது. உயரம் மூன்றரை மீட்டர், நிறை ஒன்றரை டன்னுக்கு மேல், ஏழேழு மூட்டுகள் கொண்ட இரண்டு கைகள், இடுப்பில் ஒரு மூட்டு. கனடார்ம்2-வின் முனையில் தொங்கியபடி வேலை செய்யும். இரண்டு கை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசையும். மற்றது பெரும்பாலும் பணியிடத்தில் ஒரு பிடியைப் பற்றி உடலை ஊன்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் 17 மீட்டர் கையின் நுனியில் தொங்கும் உடல் ஆடும். கைகள் தமக்குள் மோதிக்கொள்ளும் அபாயமும் போகிறது.

டெக்ஸ்டரின் முதல் முழுப் பழுதுபார்ப்பு 2011 ஆகஸ்டில் நடந்தது. மின்சாரத்தைப் பகிரும் சுவிட்ச் பெட்டி ஒன்றை மாற்றியது. கேட்க எளிது. பெட்டி இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே சறுக்கி உள்ளே போகும். ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வு இருந்தாலும் இறுகிக்கொள்ளும். உணராமல் தள்ளினால் மேலும் இறுகும். மனிதக் கை தானாகவே கொஞ்சம் ஆட்டி அசைத்து உள்ளே விடும். அதை ரோபோவுக்குக் கற்பிக்க, மணிக்கட்டில் விசை உணரி வைத்து, எந்தப் பக்கம் தடை வருகிறதோ அந்தப் பக்கம் கை தானாக விட்டுக்கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். பிறகு போல்ட். முறுக்குவிசை, எத்தனை சுற்று என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். எதிர்பார்த்த சுற்றுக்கு முன்பே இறுகிவிட்டால் மரை மாறி ஏறியிருக்கிறது. சுற்று கூடியும் இறுகாவிட்டால் மரை பிடிக்கவே இல்லை. விண்நடையாளரின் பிஸ்டல் கிரிப்பும் இதே இரண்டு எண்களைத்தான் காட்டும். அதனால் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர முடிகிறது.

2012 மார்ச்சில், எரிபொருள் நிரப்பும் பரிசோதனைப் பெட்டியில், மூடியைப் பூட்டியிருந்த மெல்லிய பாதுகாப்புக் கம்பியை டெக்ஸ்டர் வெட்டியது. 2013 ஜனவரியில் எரிபொருளுக்குப் பதிலாக எத்தனால் பாய்ச்சியது. கைகள் சேர்ந்து வேலை செய்வதை நன்றாகக் காட்டுவது அதைவிட பேட்டரி மாற்றம் என்று நினைக்கிறேன். பழைய 48 நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளுக்குப் பதில் 24 லித்தியம்-அயனி பேட்டரிகள். 2017 ஜனவரியில் முதல் தொகுதியில், டெக்ஸ்டர் பழைய பெட்டிகளைக் கழற்றுவதிலும் புதியவற்றை இடத்தில் வைப்பதிலும் பல நாட்கள் ஈடுபட்டது. மனிதர்கள் இரண்டு விண்நடைகளில் இடையிணைப்புத் தட்டுகளையும் கம்பிகளையும் பொருத்தினார்கள். இரண்டு பேட்டரி இருந்த இடத்தில் ஒன்று வருவதால், காலியான இடத்துக்கு இந்தத் தட்டும் கம்பியும் தேவை. கனமான, ஒரே மாதிரியான, திரும்பத்திரும்பச் செய்ய வேண்டிய வேலை ரோபோவுக்கு. வளையும் கம்பியை இணைப்பானில் செருகுவது விரலுக்கு. தளர்ந்த கம்பியைக் கையாளுவது ரோபோவுக்கு இன்றைக்கும் சங்கடம்தான், அது எங்கே வளைந்து நிற்கும் என்று முன்கூட்டி எழுத முடியாது.

இந்தப் பேட்டரிக் கதைக்கு ஒரு வால் உண்டு. ஜப்பானியக் கலம் புதிய பேட்டரிகளை ஒரு தட்டில் கொண்டுவரும். பழையவற்றை அதே தட்டில் ஏற்றிக்கொண்டு போய் வளிமண்டலத்தில் எரியும். அதுதான் திட்டம். 2018 அக்டோபரில் சோயுஸ் ராக்கெட் நடுவழியில் பழுதாகி, ஏறவேண்டிய இருவர் தரைக்கே திரும்பினார்கள். ஆள் குறைந்ததால் விண்நடைகள் தள்ளிப்போயின. பேட்டரி மாற்றம் முடியாததால் அந்தக் கலம் தட்டில்லாமலே கிளம்பிப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு கலமும் முந்தையதின் தட்டைக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்த வகைக் கலங்களில் கடைசியானதும் போன பிறகு ஒரு தட்டு மிஞ்சியது, பழைய பேட்டரிகளோடு ஏறக்குறைய 2.9 டன். 2021 மார்ச்சில் கனடார்ம்2 அதை அப்படியே விண்வெளியில் விட்டது. மூன்று ஆண்டு சுற்றி 2024 மார்ச் 8 அன்று விழுந்தது. எரியாமல் தப்பிய முக்கால் கிலோ உலோகத் துண்டு ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்தது. கையும் டெக்ஸ்டரும் தயாராகவே இருந்தன. அவை செய்ய முடியாத சிறு பங்குக்கு ஆள் இல்லாமல் போனதும் வரிசை முழுவதும் குலைந்தது.

இப்போது போல்ட் இல்லாத இடம். 2011-ல் நிலையத்தில் பொருத்தப்பட்ட ஏஎம்எஸ் என்ற துகள் கண்டறி கருவி, விண்வெளியில் பழுதுபார்க்கப்படும் என்ற எண்ணமே இல்லாமல் கட்டப்பட்டது. அதன் குளிர்விப்பு பம்புகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கைப்பிடிகூட இல்லாத இடத்தில், கார்பன் டைஆக்சைடு ஓடும் எட்டு எஃகுக் குழாய்களை வெட்டி, புதிய பம்புத் தொகுதியின் குழாய்களோடு கசியாமல் இணைக்க வேண்டும். டெக்ஸ்டருக்குப் பிடிக்க அங்கே ஒன்றுமே கிடையாது. இதற்கென்றே இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் தரையில் புதிதாகச் செய்யப்பட்டன. 2019 நவம்பர் 15 முதல் 2020 ஜனவரி 25 வரை நான்கு விண்நடைகள். அதே லூகா பர்மிட்டானோ, இந்தமுறை கனடார்ம்2-வின் நுனியில் நின்று. கூட ஆண்ட்ரூ மோர்கன். உள்ளே கையை ஓட்டியவர்கள் கிறிஸ்டினா காக்கும் ஜெசிகா மெய்ரும். கையில் நின்றதால் பர்மிட்டானோவுக்குப் பிடித்துக்கொள்ளக் கை தேவைப்படவில்லை, இரண்டு கையும் குழாய்க்குக் கிடைத்தது. கடைசி விண்நடையில் ஐந்தாம் எண் குழாயின் இணைப்பு கசிவது தெரிந்தது. இறுக்கி, காத்திருந்து, மறுபடி சோதித்து மூடினார்கள். ஒரு கைப்பிடியும் சில தளர்த்தக்கூடிய இணைப்புகளும் முதலிலேயே வைத்திருந்தால் இத்தனையும் வேண்டியிருக்காது என்று பின்னாலிருந்து சொல்வது எளிது. கட்டியபோது அது மூன்றாண்டு வேலைக்கென்றே கட்டிய கருவி.

மனித உருவ ரோபோவையும் அனுப்பிப் பார்த்தார்கள். 2011-ல் போன ரோபோனாட்2-வின் விரல்கள் அற்புதமானவை, மனிதர் பிடிக்கும் கருவியை அப்படியே பிடிக்கும். 2014-ல் கால்கள் பொருத்திய பிறகு மின்கோளாறு தொடங்கி, கண்டுபிடிக்கவே ஆண்டுகள் ஓடின. 2018-ல் தரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதைப் பழுதுபார்க்கச் செலவான வீரர் நேரம், அது மிச்சப்படுத்திய நேரத்தைவிட அதிகம் என்பது என் கணிப்பு. முகமில்லாத டெக்ஸ்டர் தொடர்ந்து போல்ட் திருகிக்கொண்டிருக்கிறது. நிலையத்துக்குள் மிதந்து திரியும் ஆஸ்ட்ரோபீ என்ற கனசதுர ரோபோக்கள் இப்போதைக்கு ஆய்வுக் கருவிகளே.

நடக்கும் கை என்ற உத்தியை இந்தியாவும் சோதித்திருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் கடைசி அடுக்கையே சோதனை மேடையாக்கிய போயம்-4-ல், திருவனந்தபுரத்தில் இருக்கும் இஸ்ரோவின் ஜடத்துவ அமைப்புகள் பிரிவு செய்த கை ஒன்று, கனடார்ம்2 போலவே இரு முனையும் மாறிமாறிப் பிடித்து நகரும் வகையில் வைக்கப்பட்டிருந்தது. ஆளில்லாத மேடையில் செய்த செயல்விளக்கம் அது. இந்தியா தன் நிலையத்தைக் கட்டும்போது, கை எங்கெங்கே கால் வைக்கலாம் என்பதையும் பெட்டிகளின் போல்ட் அளவையும் முதல் வரைபடத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும். பிறகு சேர்ப்பதற்கு ஒவ்வொன்றும் ஒரு விண்நடை.

சந்திரன் பக்கம் போனால் கணக்கு மாறுகிறது. அங்கே நிரந்தரமாக ஆள் இருக்கமாட்டார்கள். சமிக்ஞை ஒருவழி போகவே ஒன்றேகால் நொடிக்கு மேல். சந்திரனைச் சுற்றும் நிலையம் ஒன்றுக்கென்று திட்டமிடப்பட்ட கனடார்ம்3 எட்டரை மீட்டர் நீளம், கூடவே சிறு வேலைகளுக்கு ஒரு சின்னக் கை. 2021 மே மாதம் வழக்கமான சோதனையில் கனடார்ம்2-வின் தண்டில் விண்குப்பை போட்ட துளை ஒன்று தெரிந்தது, சுமார் 5 மில்லிமீட்டர். தரையில் படங்களைப் பார்த்து, ஓடுகிறது, ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். ஆளில்லாத மாதங்களில் அந்தச் சோதனையைத் தொலைவில் இருக்கும் கை தானாகவே செய்துகொள்ள வேண்டும். பழுதான முனையை மாற்ற ஒரு வாண்டே ஹை வரும்வரை மற்ற முனையாலேயே சமாளிக்கவும் வேண்டும்.